உங்களுக்குத் தெரியுமா? ரத்தத்தில் ஏறும் பறவைக் காய்ச்சல்

வழக்கமான ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் மூக்கு, தொண்டை, நுரையீரலோடு நின்றுவிடும். அதன் மேற்புரதத்தை வெட்டிச் செயல்பட வைக்கும் நொதி முக்கியமாக அங்கேதான் கிடைக்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸான ஹெச்5என்1 அப்படியல்ல. அதற்கு ஃபியூரின் என்ற நொதி போதும். அதுவோ ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு! அதனால் வைரஸ் உடலின் மற்ற பகுதிகளுக்கும் பரவ முடிகிறது.

2004-இல் தெற்கு வியட்நாமில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் கடும் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தான். வலிப்பு கண்டு, நினைவிழந்து இறந்தான். மூச்சுத்திணறல் இல்லாததால் மூளைக்காய்ச்சல் என்றே மருத்துவர்கள் கருதினார்கள். பறவைக் காய்ச்சல் என யாருக்குத் தோன்றும்? பின்னர் சோதித்தால் தொண்டை, மலம், ரத்தம், தண்டுவட நீர் அனைத்திலும் ஹெச்5என்1.

வியட்நாம் நோயாளிகளைப் பற்றி 2006-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ தென்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.