முதலாம் ஆண்டுக் கணிதம்: எந்தப் பாடத்தை எடுப்பது?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள் தொடங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள்வரை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் நிலவும் பரபரப்பு கொஞ்சமல்ல. எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம், எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் முதலாம் ஆண்டில் எந்தக் கணிதப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வியை மட்டும் படிவம் நிரப்பித் தருகிறவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் இடும் ஒரு குறி பிள்ளையின் மூன்று ஆண்டுகளை, சில வேளைகளில் அதற்கும் மேலானதை, தீர்மானித்துவிடுகிறது.

உண்மையில் இந்தத் தெரிவு பதினோராம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் வணிகவியல் எடுக்கும் பிள்ளைக்குக் கணிதமா, செக்ரட்டேரியல் பிராக்டிஸா என்ற கேள்வி வருகிறது. கணக்கு என்றால் பயம். ஆகவே பலர் இரண்டாவதை எடுத்துவிடுகிறார்கள். அறிவியல் பிரிவிலும் உயிரியலை வைத்துக்கொண்டு கணிதத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, "பி.எஸ்சி. ஐ.டி. சேரலாம் என்று இருக்கிறேன்" என்று பிள்ளை சொல்லும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதிரே வந்து நிற்கும். பொறியியல், புள்ளியியல் ஆகியவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கணக்குக்குப் பயந்து ஓடிய வணிகவியல் மாணவர், மும்பைப் பல்கலைக்கழகத்தின் பழைய பாடத்திட்டப்படி பி.காம். முதலாம் ஆண்டில் 'மேத்தமடிக்கல் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்கல் டெக்னிக்ஸ்' என்ற தாளை எப்படியும் எழுதியாக வேண்டியிருந்தது. பங்குகள், வட்டி, நிகழ்தகவு, குறியீட்டு எண்கள் யாவும் அதில் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கணக்கைத் தொடாமல் இருந்துவிட்டு அதை எதிர்கொண்ட பிள்ளைகள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் அறிவார்கள்.

"என் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று தாய்மார்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, பின்பு ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளையாக இருந்தால் சற்று நிதானித்துப் பாருங்கள். வராதது கணக்கா, அல்லது கணக்கைக் கேட்கும் ஆங்கில வாக்கியமா? அதே கணக்கைத் தமிழில் சொன்னால் பிள்ளை செய்துவிடுகிறதா என்று ஒரு மாலை சோதித்தாலே தெரிந்துவிடும். மொழிக் குறைவை ஆறு மாத உழைப்பில் சரிசெய்யலாம். அதற்காகக் கணிதத்தையே விட்டுவிடுவது, செருப்பு கடிக்கிறது என்று நடப்பதையே நிறுத்திவிடுவதற்கு ஒப்பாகும்.

1857ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மும்பைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. பி.எஸ்சி. முதலாம் ஆண்டில் மூன்று பாடங்கள், இரண்டாம் ஆண்டில் இரண்டு, மூன்றாம் ஆண்டில் ஒன்று. இயற்பியல், வேதியியல், கணிதம் என்று மூன்றையும் ஓராண்டு சுவைத்துப் பார்த்துவிட்டு மாணவர் முடிவு செய்யலாம். தேசிய கல்விக் கொள்கை 2020 நடைமுறைக்கு வந்தபின் இது மாறிவிட்டது. தன்னாட்சிக் கல்லூரிகளில் 2023-24 கல்வியாண்டிலும், இணைப்புக் கல்லூரிகளில் 2024-25 கல்வியாண்டிலும் புதிய முறை தொடங்கியது. மேஜர், மைனர், ஓப்பன் எலெக்டிவ் என்ற பெயர்கள் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கேட்கின்றன. மேஜர் என்பது முதன்மைப் பாடம். மைனர் துணைப் பாடம். ஓப்பன் எலெக்டிவ் வேறு புலத்திலிருந்து எடுக்க வேண்டியது. ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட்டுகள். சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு முன்னைப்போல் இல்லாததால், சேரும் முன்னரே விசாரிக்கும் பொறுப்பு நம்மேல் கூடியிருக்கிறது என்பதே என் கருத்து.

சரி, கணிதத்தை மேஜராக எடுத்தால் முதலாம் ஆண்டில் என்ன நடக்கிறது? பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள்கூட முதல் பருவத்தில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பள்ளிக் கணிதம் பெரும்பாலும் விடை காண்பது. கல்லூரிக் கணிதம் அந்த விடை ஏன் உண்மை என்று நிரூபிப்பது. நுண்கணிதத் தாளில் மெய்யெண்கள், தொடர்வரிசைகள், எல்லை, தொடர்ச்சி என்று பாடம் போகிறது. இயற்கணிதத் தாளில் முழு எண்களின் வகுபடும் தன்மை, சார்புகள், சமான உறவுகள், பல்லுறுப்புக் கோவைகள் வருகின்றன. பெயர்களைப் பார்த்தால் தெரிந்தவைபோல் தோன்றும். உள்ளே போனால் வேறு உலகம்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் வரிசை சுழியத்தை நெருங்குகிறது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கல்லூரியிலோ, 'நெருங்குகிறது' என்றால் என்ன பொருள் என்று கேட்பார்கள். நீங்கள் எவ்வளவு சிறிய மிகையெண்ணைச் சொன்னாலும், இந்த வரிசையில் ஓர் இடத்துக்கு அப்பால் வரும் ஒவ்வோர் எண்ணும் அதைவிடச் சிறியதாக இருக்கும் என்று காட்ட வேண்டும். 1/1000 என்று சொன்னால், ஆயிரமாவது இடத்துக்கு அப்பால் வருகிறவை எல்லாம் அதைவிடச் சிறியவை. பத்து இலட்சத்தில் ஒன்று என்று சொன்னால், பத்து இலட்சமாவது இடத்துக்கு அப்பால் பாருங்கள். கேட்பவர் எதைச் சொன்னாலும் பதில் கொடுக்க முடிகிறது அல்லவா? அதுவே நிரூபணம். இந்த உரையாடலில் மகிழ்ச்சி காணும் பிள்ளைக்குக் கணித மேஜர் தகும். "இது எதற்கு, விடையைச் சொல்லுங்கள்" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளை மக்கு அல்ல. அவனுக்குப் புள்ளியியலோ, பொறியியல் கணிதமோ பொருந்தக்கூடும். பொறியியல் முதலாம் ஆண்டில் வரும் கலப்பெண்கள், பகுதி வகையீடு, அணிகள் ஆகியவை கணக்கிடும் திறமையையே அதிகம் கேட்கின்றன.

கணினித் துறையை நாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அடித்தளம் டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸ் என்னும் பாடம். கணங்கள், தர்க்கம், எண்ணும் முறைகள், வலைப்படங்கள் இதில் அடங்கும். இதனோடு புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும் தெரிந்த மாணவர், இன்று பேசப்படும் செயற்கை நுண்ணறிவுத் துறையில் கருவியை இயக்குகிறவராக மட்டுமன்றி அதன் உள்ளே நடப்பதையும் அறிந்தவராக இருப்பார். ஆகவே கணித மேஜருக்குப் புள்ளியியல் மைனர், அல்லது கணினி அறிவியல் மேஜருக்குக் கணித மைனர் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். எளிது என்று அண்டைவீட்டார் சொன்ன மைனரை எடுப்பதைக் காட்டிலும் இது பயன்தரும்.

தமிழர் எவரும் அறிந்த சீனிவாச இராமானுஜனின் முதலாம் ஆண்டு அனுபவம் நம் பிள்ளைகள் கேட்க வேண்டியது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவருக்குக் கதவு திறந்தது மெய்தான். ஆனால் இடைப்பட்ட வறுமையின் ஆண்டுகள் அவர் உடலை எவ்வளவு உருக்கியிருக்கும்! மற்றத் தாள்களையும் தேறும் அளவுக்காவது படித்தாக வேண்டும்.

இன்னும் இருவரை நம் வாசகர்கள் அதிகம் அறியார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆற்காட்டுத் தண்டரைக் கிராமத்தில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் படித்தார்கள். அங்கே ஆசிரியராயிருந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருவானவர் சார்லஸ் ரசீன், பழைய பாடத்திட்டத்துக்கு அப்பால் ஐரோப்பாவில் வளர்ந்துவந்த புதிய கணிதத்தை மாணவருக்கு அறிமுகம் செய்தவர். 1953இல் இருவரும் நம் இந்த மும்பைக்கு வந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் வெளியான நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் உலகெங்கும் பயிலப்படுகிறது. பிழைப்புக்காக இரயிலேறி தாதரில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நம் பிள்ளைகளுக்கு, இதே நகரத்தில் கொலாபாவில் அந்த நிறுவனம் இருப்பதாவது தெரிந்திருக்கட்டும்.

அவ்வளவு உயரம் எல்லாருக்கும் வேண்டுவதில்லை. பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம், பி.எட். படித்து ஆசிரியராகலாம், ஆக்சுவரி தேர்வுகள் எழுதிக் காப்பீட்டுத் துறைக்குப் போகலாம், வங்கித் தேர்வுகளும் உண்டு. 1993இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தலைமையில் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி முகாம்கள், மனப்பாடத்தை விட்டுச் சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதில் பெயர் பெற்றவை. அவரும் மாட்டுங்கா ஐ.சி.டி. நிறுவனத்தின் அஜித் குமாரும் எழுதிய மெய்யெண் பகுப்பாய்வு நூல் முதலாம் ஆண்டு மாணவர் தனியே வாசித்தாலும் விளங்கும் வகையில் எழுதப்பட்டது. விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் கல்லூரி நூலகத்தில் கேட்கலாம்.

மாட்டுங்காவில் ரூயா, கால்சா, சயானில் எஸ்.ஐ.இ.எஸ்.; செம்பூரில் விவேகானந்த் என்று நடந்தோ பஸ்ஸிலோ போகும் தூரத்தில் கல்லூரிகள் உண்டு. கட்டணம் கட்டும் முன் கணிதத் துறை ஆசிரியர் ஒருவரையாவது நேரில் கண்டு பேசுங்கள். கணித மேஜருக்கு என்ன மைனர் தருகிறார்கள்? முதலாம் ஆண்டுக்குப் பின் மேஜரையும் மைனரையும் மாற்றிக்கொள்ள இடமுண்டா? மூன்றாம் ஆண்டுவரை கணித மேஜர் வகுப்பு அங்கேயே நடக்கிறதா, மாணவர் குறைந்தால் நிறுத்திவிடுவார்களா? ஏ.டி.கே.டி. விழுந்தால் எத்தனை தாள்வரை அடுத்த ஆண்டுக்கு அனுமதிப்பார்கள்? தகப்பனார் வேலைக்குப் போயிருந்தால் தாயார் போகட்டும். ஆங்கிலம் தெரியாது என்று கூச வேண்டாம். மாட்டுங்காவிலும் சயானிலும் தமிழ் பேசும் ஆசிரியர் ஒருவரைக் கண்டுபிடிப்பது அரிதன்று. இல்லையெனில், சபையில் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பியையோ தங்கையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.