டாக்டர் வருவதற்கு முன்...

அது ஒரு கல்யாண வீடு. தாலி கட்டி முடிந்தது. முதல் பந்தி நடந்து கொண்டு இருந்தது.

சாம்பார் ஊற்றிக் கொண்டு இருந்த ஒரு வாலிபர், திடீர் என்று கீழே விழுந்தார். வாளி உருண்டது. அவருடைய கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது.

"வலிப்பு! சாவி கொண்டு வாருங்கள்!" என்று ஒருவர் கத்தினார்.

"நாக்கைக் கடித்துக் கொள்வான். வாயில் கரண்டியை வையுங்கள்!" என்றார் இன்னொருவர்.

நாலு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் சோடா பாட்டிலோடு ஓடி வந்தார்.

விழுந்தவர், என் சித்தப்பா மகன். சாவிக்கொத்தை எடுத்துக் கொண்டு ஓடியவன், நான்தான்!

அப்போது கூட்டத்தை விலக்கிக் கொண்டு ஓர் அம்மாள் வந்தார். மாப்பிள்ளை வீட்டு உறவு. நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சாவி வேண்டாம், தம்பி. கடிகாரத்தைப் பாரு. மணி என்ன?" என்று என்னைக் கேட்டார்.

பிடித்து இருந்தவர்களைக் கையை எடுக்கச் சொன்னார். பக்கத்தில் கிடந்த பெஞ்சை நகர்த்தச் சொன்னார். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். வாயில் எதையும் வைக்க விடவில்லை. சோடாவைத் திருப்பி அனுப்பினார்.

3 நிமிடம் ஆயிற்று. இழுப்பு நின்றது. உடனே அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயில் இருந்த எச்சில் வெளியே வழிந்தது. மூச்சு சீராக வந்தது.

"வலிப்பு இவனுக்கு இதுதான் முதல் தடவையா? அப்படியானால் நின்று விட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 5 நிமிடத்துக்கு மேல் இழுத்தாலும், நின்று மறுபடி வந்தாலும் உடனே போக வேண்டும்" என்றார்.

அந்த அம்மாள் செய்தது கொஞ்சம். நாங்கள் செய்ய இருந்ததைத் தடுத்ததுதான் அதிகம்!

சாவிக்குப் பெயர்

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது ஏன் தெரியுமா?

பெரும்பாலான வலிப்பு, சில நிமிடங்களில் தானாகவே நின்று விடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும், வலிப்பு நிற்பதற்கும் சரியாக இருக்கும். பெயர் சாவிக்குப் போய் விடுகிறது!

கரண்டியை வாயில் திணித்தால் பல் உடையும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால், அது மூச்சுக் குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

ஆபத்து வந்ததும், "ஏதாவது செய்ய வேண்டுமே" என்று மனம் பதறும். அன்பினால்தான் பதறுகிறோம். ஆனால், அந்தப் பதற்றமே பல சமயம் நோயாளிக்கு இரண்டாவது ஆபத்து ஆகி விடுகிறது.

டாக்டர் வருவதற்கு முன் நம்மால் செய்யக் கூடியவை நாலு. பார்ப்பது, எண்ணுவது, 108-க்குப் போன் செய்வது, தவறானதைத் தடுப்பது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மணி பார்க்கத் தெரிந்தால் போதும்.

நாடி பார்ப்பது எப்படி?

உள்ளங்கை மேலே இருக்கும்படி கையை நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உங்கள் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். துடிப்பு தெரியும்.

உங்கள் கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதற்கும் ஒரு துடிப்பு உண்டு. நோயாளியின் நாடியை விட்டு விட்டு, உங்கள் நாடியையே எண்ணி விடுவீர்கள்!

ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்து இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். ஓடி வந்தவருக்கும், காய்ச்சல்காரருக்கும் கூடும். கைக்குழந்தைக்கு இயல்பாகவே 100-க்கு மேல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

மூச்சை எண்ணுங்கள்

மார்பு ஒரு முறை ஏறி இறங்கினால், ஒரு மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை.

"உன் மூச்சை எண்ணுகிறேன்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சின் வேகம் மாறி விடும். நாடி பார்ப்பது போல் கையைப் பிடித்துக் கொண்டு, மார்பைப் பார்த்து எண்ணுங்கள்.

தாய்மார்கள் இதை மனப்பாடம் செய்து கொள்வது நல்லது. சளி, இருமலோடு இருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 1 வயதுக்கு உள்பட்ட குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால், அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆபத்து. கஷாயம் வைத்துக் கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெர்மாமீட்டரில் 98.6 டிகிரியை ஒட்டி இருந்தால் சரி. 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல். பிறந்து 3 மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 வந்தால், அன்றே, அந்த நேரமே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு நின்று விட்டால்...

ஒருவர் திடீர் என்று சாய்கிறார். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை. மார்பைப் பாருங்கள். அதற்கு 10 வினாடிக்கு மேல் வேண்டாம்.

மூச்சு சீராக இருந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மூச்சு இல்லை, அல்லது எப்போதோ ஒரு முறை ஏங்குவது போல் இழுக்கிறது. அது மூச்சு ஆகாது! பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

நடு மார்பில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வையுங்கள். அதன் மேல் மற்றக் கையை வையுங்கள். முழங்கையை மடக்காமல், மார்பு 2 அங்குலம் தாழும்படி அழுத்துங்கள். விடுங்கள். மறுபடி அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்தால் அடுத்தவர் தொடர வேண்டும்.

நின்று போன இருதயத்துக்கு வெளியில் இருந்தே இப்படி உயிர் ஊட்டலாம் என்பதை, அமெரிக்காவில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மூன்று பேர் 1960-ல் எடுத்துச் சொன்னார்கள். "இதற்கு வேண்டியது இரண்டு கைகளே" என்பதுதான் அவர்கள் கண்டதன் சாரம். அந்தக் கைகள் உங்களிடமும் இருக்கின்றன.

மை வேண்டாம், பற்பசை வேண்டாம்!

குழந்தை மேல் வெந்நீர் கொட்டி விட்டது. உடனே இங்க், பற்பசை, மாவு, மஞ்சள் என்று தேடுகிறோம். எதுவும் வேண்டாம்.

குழாயைத் திறந்து விடுங்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிக் கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பாம்பு கடித்தால்...

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். சினிமாவில் செய்வது எல்லாம் சினிமாவுக்கு!

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தால் செய்வது போல, ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் வையுங்கள். பாம்பைத் துரத்திக் கொண்டு நேரத்தை வீணாக்காமல், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

கட்டு விரியன் கடித்தால் வலி அதிகம் தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் வயிற்று வலி என்று எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், உடனே சந்தேகப்பட வேண்டும்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்தையும் முறிக்கும் ஊசி மருந்து உண்டு. அதற்குத் தேவையான விஷத்தைப் பாம்புகளில் இருந்து எடுத்துக் கொடுப்பதற்கு என்றே, வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது அது. மருந்து இருக்கிறது, நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்!

"போலீஸ் கேஸ் ஆகுமே!"

ரோட்டில் ஒருவர் ரத்தம் வழியக் கிடக்கிறார். சுற்றி நிற்பவர்கள் தொடப் பயப்படுகிறார்கள்.

பயம் வேண்டாம். உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பைச் சேர்த்து விட்டார்கள். பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால், அதன் மேலேயே இன்னொரு துணி. கழுத்து, முதுகில் அடிபட்டு இருந்தால், ஆம்புலன்ஸ் வரும் வரை புரட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. காசு கிடையாது. இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது மட்டுமே உங்கள் வேலை.

இன்று ஒரு வேலை!

என் தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறான். வேலைக்குப் போகிறான். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், வினாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றை மாட்டி இருக்கிறோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். சாப்பிட உட்காருவதற்கு முன், ஒருவர் நாடியை ஒருவர் பிடித்து எண்ணிப் பாருங்கள். தாத்தா, பாட்டிக்கும் பாருங்கள். எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நன்றாக இருக்கும்போது எவ்வளவு என்று தெரிந்தால்தானே, நோய் வந்தால் வித்தியாசம் தெரியும்?

உங்கள் பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். என்றாவது ஒரு நாள், எல்லோரும் சாவிக்கு ஓடும்போது, அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்!