ஆற்றுக் கெளுத்தி மீனை நன்றாக வேகவைத்து உண்ணுங்கள்

ஆற்றில் பிடித்த கெலி, பாவுங் போன்ற கெளுத்தி மீன்களின் குடலில் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். குடலோடு அவற்றை எறிந்துவிடலாம். சதைக்குள் இருக்கக்கூடிய ‘நத்தோஸ்தோமா’ எனும் இளம்புழுவே கவலைக்குரியது. சில மில்லிமீட்டரே நீளம் என்பதால் எளிதில் கண்ணில் படாது.

உப்பும் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் அதைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். நன்கு கொதித்த மீன் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆற்றங்கரையில் அவசரமாகச் சுட்டு, உள்ளே சரியாக வேகாத மீனில்தான் ஆபத்து. முள்ளை ஒட்டிய சதையும் வெளுத்து, எளிதில் உதிரும்வரை வேகவிடுங்கள். பச்சை மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

அரைவேக்காட்டு மீன் சாப்பிட்டு வாரங்களோ மாதங்களோ கழித்துத் தோலில் இடம் மாறும் வீக்கம், அரிப்பு தோன்றினால் உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். இப்புழு அரிதாகக் கண்ணையும் மூளையையும் தாக்கும். மீன் சாப்பிட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.