ஸ்தாபகரின் கீர்த்தியும் சரித்திரத்தின் சாட்சியமும்

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பத்தில் நின்று வடக்கே நோக்கினால் எண்ணூர்த் துறைமுகம் தெரியும். சென்னையைச் சுற்றிச் செய்யப்படும் மோட்டார் வண்டிகள் அங்கிருந்து கப்பலேறுகின்றன. தெற்கே, எண்ணூரில், அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் அந்த ஸ்தாபனத்தைத் தொடங்கிய ரகுநந்தன் சரண், தேச விடுதலைக்கு உழைத்தவர். இதை நாம் பெருமையோடு சொல்லுகிறோம், சொல்ல வேண்டியதே. ஆனால், ஸ்தாபகரின் தேசபக்தியைப் பாராட்டும் நாம், வேறொரு ஸ்தாபகர் துவேஷத்தை வளர்த்திருந்தால் அதை மறைக்கலாமா?

இக்கேள்வி 2019-ம் வருஷம் ஜனவரியில் அமெரிக்காவிலுள்ள டியர்பார்ன் நகரத்தில் எழுந்தது. அது மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் ஊர். நகரசபைக்குச் சொந்தமான சரித்திரப் பத்திரிகை, ஃபோர்டின் யூத துவேஷத்தைப் பற்றிய கட்டுரையோடு அச்சாயிற்று. அதன் சந்தாதாரர் சில நூறு பேரே. ஆயினும் நகரத் தலைவர் அந்த இதழ் தபாலில் போகாதபடி தடுத்தார், ஆசிரியரையும் விலக்கினார். நூறாண்டுக்கு முந்திய வெறுப்புரைகளை இப்போது கிளறுவது நகரின் ஒற்றுமைப் பணிக்கு இடையூறாகும் என்பது சொல்லப்பட்ட சமாதானம். பலன் என்ன? அடக்கப்பட்ட கட்டுரையை டெட்ராய்ட் நகர இணையப் பத்திரிகை ஒன்று பிரசுரித்தது. சில நூறு பேர் படிக்கவிருந்ததை உலகமே படித்தது.

அக்கட்டுரை கூறியது அவதூறன்று. ஃபோர்டு தம் சொந்தப் பத்திரிகையில் 1920 மே மாதம் முதல் வாரந்தோறும் யூதர்மீது பழி சுமத்தும் கட்டுரைகளை வெளியிட்டார். 91 இதழ்கள் இடைவிடாது இது நடந்தது. அவருடைய கார்களை விற்ற ஏஜெண்டுகளும் அப்பத்திரிகையைப் பரப்ப வேண்டியதாயிற்று. கட்டுரைகள் புஸ்தகமாகி ஜெர்மன் பாஷையிலும் பரவின. ஹிட்லர் தமது நூலில் ஃபோர்டின் பெயரை மெச்சி எழுதினார். வழக்கு வந்தபின், 1927-ல் ஃபோர்டு பெயரால் மன்னிப்புக் கடிதம் வெளியாயிற்று. ஆனால் 1938 ஜூலையில், தமது 75-வது பிறந்த நாளில், நாஜி அரசாங்கம் அளித்த உயர்ந்த விருதை அவர் ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு எங்கே, மார்பில் அணிந்த பதக்கம் எங்கே?

"மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு கார்களைச் செய்து பிழைத்த நம் பிள்ளைகளுக்கு இதனால் இழுக்கல்லவா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை என்பதே நம் அபிப்பிராயம். தொழிலாளியின் வியர்வை அவனுடையது. முதலாளியின் பாவம் அவனைச் சாராது. உண்மையை மறைக்கும்போதுதான் ஸ்தாபகரின் குற்றம் ஸ்தாபனத்தின் குற்றமாக மாறுகிறது.

அரைகுறை ஒப்புதலும் போதாது. ஸ்வீடன் தேசத்து ஐக்கியா ஸ்தாபகர் இங்வார் காம்ப்ராட், தமது இளமைக்கால பாசிஸ்ட் தொடர்பு 1994-ல் வெளிப்பட்டதும் ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அது நல்ல செய்கை. ஆனால் அவர் 1943-ல் நாஜிக் கட்சி ஒன்றில் அங்கத்தினராக இருந்தது, ரகசியப் போலீஸ் கோப்பிலிருந்து 2011-ல்தான் ஜனங்களுக்குத் தெரிந்தது. தஸ்தாவேஜு மனிதனைவிடப் பொறுமையுள்ளது. ஒரு நாள் பேசியே தீரும்.

சென்னைவாசிகளுக்கு இது புதிய பாடமன்று. 1857-ல் நம்மவரைக் கொன்று குவித்த நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்ற 1927-ல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை அதை உடைக்கவில்லை. பொதுச் சாலையிலிருந்து எடுத்துப் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பியது. கௌரவம் போயிற்று, சாட்சியம் நின்றது. கையாளத்தக்க முறை இதுவே.

ஆகையால் தேச ஊழியர்களுக்கு நாம் சொல்வது: ஆலைகள் வெளியிடும் பொன்விழா மலர்களோடு திருப்தியடையாதீர்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு ஸ்தாபனத்தின் தொடக்கத்தையும் பழைய பத்திரிகைகளிலும் சர்க்கார் ஆவணங்களிலும் தேடிப் படியுங்கள். நன்மை கண்டால் போற்றுங்கள். தீமை கண்டால் பகிரங்கமாகச் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை நம் ஜனங்களுக்கு உண்டு.