அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறும்

இத்தாலியனில் கா-பி-த-னொ என்று முதல் அசையை அழுத்தினால் 'நேர்கின்றன' என்று பொருள். க-பி-தா-னொ என்றால் கேப்டன். அதையே கடைசி அசையில் அழுத்தினால் 'தலைமை தாங்கினான்'. மூன்றாவதற்கு மட்டும் இறுதி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு கட்டாயம். முதல் இரண்டும் அச்சில் ஒன்றேதான். அழுத்தம் பெறும் அசை சொல்லின் நடுவிலோ முதலிலோ நின்று உயிரில் முடிந்தால் நீண்டு ஒலிக்கும். இங்கே அதை நெடிலால் காட்டியிருக்கிறது.

பெரும்பாலான சொற்களில் ஈற்றயல் அசைக்குத்தான் அழுத்தம். வினைச்சொல் எப்போதும் இந்த வழக்கத்துக்கு அடங்குவதில்லை. 'வசி' என்ற வினையில் 'நான் வசிக்கிறேன்' என்பது ஆ-பி-தொ. 'நாம்' என்று வந்தால் அ-பி-தியா-மொ, அழுத்தம் விகுதிக்குத் தாவிவிடுகிறது. 'அவர்கள்' என்றாலோ ஆ-பி-த-னொ: வேருக்கே திரும்பி, கடைசியிலிருந்து நான்காம் அசையில் போய் உட்காருகிறது. புதிதாகப் படிப்பவர்கள் ஈற்றயலை அழுத்தி அ-பி-தா-னொ என்று தடுக்கி விழுவது இங்கேதான். இத்தாலியனுக்குத் தாயான லத்தீனில் இச்சொல்லுக்கு மூன்றே அசை, அழுத்தம் முதலில். 'னொ' என்ற வால் பின்னாளில் முளைத்தது. அழுத்தமோ பழைய இடத்தை விட்டு அசையவில்லை. இத்தகைய சொல்லுக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் 'பிஸ்த்ருச்சொல', இருமுறை வழுக்குவது. பொருத்தமான பெயர்தான்.

அழுத்தத்தை இடம் பார்த்து வைக்க அசை பிரிக்கத் தெரிய வேண்டும்; அதில் பெரிய சிக்கல் இல்லை. இரட்டித்த மெய் இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த அசைகளில் சேரும். பர்-லெ-ரே-மொ என்றால் 'பேசுவோம்'. பர்-லெ-ரெம்-மொ என்றால் '(வாய்ப்பிருந்தால்) பேசுவோம்'. ஒரு மகர ஒற்றுதான் வித்தியாசம். அணியையும் அண்ணியையும் குழப்பிக்கொள்ளாத தமிழ்க் காதுக்கு இது எளிது. 'ஸ்' ஒரு தனி வழக்கு: பின்வரும் வேறு மெய்யோடு ஒட்டிக்கொண்டு ரெ-ஸ்தா-ரெ ('தங்க') என்று பிரியும்.

'எரெ' என்று முடியும் வினைகளில் அழுத்தம் எங்கே என்பதை அகராதி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெ-தே-ரெ ('பார்க்க') ஈற்றயலில் அழுந்துகிறது. ப்ரென்-தெ-ரெ ('எடுக்க') அதற்கு முந்திய அசையில். எழுத்தில் இரண்டின் ஈறும் ஒன்றே. லத்தீனில் முன்னதன் ஈற்றயல் நெடில், பின்னதில் குறில். ஈற்றயல் நெடிலானால் அழுத்தம் அதில், உயிரில் முடியும் குறிலானால் அதற்கு முந்திய அசையில் என்பது லத்தீன் விதி. அந்தக் குறில் நெடில் வேறுபாடு இத்தாலியனில் மறைந்துவிட்டது. அழுத்தம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.