ஐந்தாவது கருவி

நால்வர் வாசிக்கும் தந்தியிசையில் ஐந்தாமவர் ஒருவர் சேர்ந்தால் ஒலி சற்றுப் பெருகும், அவ்வளவுதானே என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். வியன்னா நகரத்து ஷூபர்ட் 1828-இல் இயற்றிய ஐவர் இசையைக் கேட்ட பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

மொஸார்ட் ஐவருக்கு எழுதியபோது இரண்டாவது வயோலாவைச் சேர்த்தார். ஷூபர்ட்டோ இரண்டாவது செல்லோவைச் சேர்த்தார். கீழ்ச் சுரங்களைத் தாங்குவதே செல்லோவின் வழக்கமான கடமை. அதனை ஒன்று ஏற்கவே, மற்றது பாடுவதற்கு விடுதலை பெறுகிறது. முதற்பகுதியில் இரண்டுமே இணைந்து பாடும் இடமும் உண்டு. அப்போது வயோலா அடித்தளமாகிறது.

அவ்வாண்டு அக்டோபரில் பதிப்பாளர் ஒருவருக்கு இதனை அளிக்க முன்வந்தார் ஷூபர்ட், அவர் வெளியிடவில்லை. நவம்பர் 19-இல், தமது 31-ஆம் வயதில், ஷூபர்ட் காலமானார். இவ்விசை மேடையேறியது 1850-இல், அச்சேறியது 1853-இல்.

எனக்கு மிக உவப்பானது இரண்டாம் பகுதி. நடுவில் மூவர் நீண்ட சுரங்களை இழைக்கின்றனர். மேலே முதல் வயலின், சொல்லத் தயங்குபவர்போல, ஓரிரு சொற்களே பேசுகிறது. கீழே இரண்டாம் செல்லோ விரலால் மீட்டப்படுகிறது. இடையில் பெரும் புயல். பின்னர் பழைய அமைதி திரும்புகிறது. ஆனால், நேயர்களே, இரண்டாம் செல்லோவைச் சற்றுக் கவனியுங்கள். அது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.