கறவைப் பசுவும் பால் இறக்கமும்

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினால் பால் தானே வழிந்து சிரட்டையில் சேர்கிறது. பசுவின் மடி அத்தகையதன்று. காம்பை எவ்வளவு வலிந்து பிழிந்தாலும், பசு இசைந்தாலன்றி முழுப்பாலும் இறங்காது. குலசேகரம் வட்டாரத்தில் தோட்ட வேலையுடன் ஒன்றிரண்டு கறவைகளையும் பேணும் அங்கத்தினர் இதனை அனுபவத்தில் அறிவர். இதன் காரணத்தையும் அறிந்துகொண்டால் நட்டம் குறையும்.

சினைக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பால் ஊறுவதைத் தடுத்து வைக்கிறது. கன்று ஈனும் தறுவாயில் அது குறையவே, புரோலாக்டின் முதலிய ஹார்மோன்கள் மடியில் பாலை ஊறச் செய்கின்றன. ஊறிய பாலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, மடிக்குள் உள்ள நுண்ணிய பைகளிலேயே தங்கியிருக்கும். அதனைக் காம்புக்கு இறக்குவது ஆக்சிடோசின் என்னும் வேறொரு ஹார்மோன்.

கன்று முட்டும்போதும், வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவும்போதும், அவ்வுணர்ச்சி நரம்புவழி மூளைக்குச் செல்கிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உடனே ஆக்சிடோசினை இரத்தத்தில் விடுகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அப்பைகள் சுருங்கிப் பால் இறங்கும். வைக்கோற்கன்றைக் கண்டே சில பசுக்கள் பால் சொரிவதும் இதனாலேயே. ஆனால் அதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடங்களே நிலைக்கும். அதற்குள் கறந்து முடித்தல் வேண்டும்.

அடித்தாலும் அதட்டினாலும் அட்ரினலின் சுரந்து பால் இறக்கத்தைத் தடுத்துவிடும். அதனால் மடியில் நின்றுவிடுவது கடைசிப் பால். முதற்பாலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே கொழுப்பு. கடைசிப் பாலிலோ ஐந்து முதல் பத்துப் பங்கு வரை உண்டு. கொழுப்பைச் சோதித்து விலை கணிக்கும் சங்கங்களில் இது நேரடியான பண நட்டமாகும்.

இதற்கு ஊசியைக் குறுக்குவழியாகக் கொள்வோர் உளர். அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு வின்யோ 1953இல் ஆக்சிடோசினைச் செயற்கையாகத் தயாரித்து, 1955இல் நோபல் பரிசு பெற்றார். பிரசவத்தில் தாய்மாரின் உயிர் காக்கும் அம்மருந்தை நாள்தோறும் பசுவுக்குச் செலுத்தினால், பின்னர் அது ஊசியின்றிப் பால் இறக்க மறுப்பதும் உண்டு. பாலைப் பெருக்கவென்று கறவைக்குத் தீங்கான ஊசி போடுதல், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம், கறவையும் பறிமுதலாகும்.

ஆகவே தினமும் ஒரே நேரத்தில், பழகிய கை கொண்டு, மடியைக் கழுவித் துடைத்து, சிறிது பொறுத்துப் பின் கறத்தல் நன்று. கன்றின் பங்கு போக எஞ்சியதை நிறுத்தாது கறந்து முடிக்க வேண்டும். செலவில்லாத இம்முறைக்குப் பசு தன் பாலால் பயன் தரும்.